ஒரே பாட்டு, இரண்டு கூடங்கள்

நல்ல கருவிகள் மட்டும் கிடைத்தால் நாங்களும் ஒரு கை பார்ப்போம் என்று சொல்லாத மாணவர் இசைக்குழு எங்கும் இல்லை. நம் சங்க விழா மேடையில் மைக் கரகரத்தபோது நண்பர்கள் முணுமுணுத்ததும் இதைத்தான். அந்தக் குறை எவ்வளவு நியாயம் என்று அறிய விரும்புவோர், 22 வயதிலேயே மறைந்துபோன ஒரு பாடகரின் வாழ்க்கையை அறிந்துகொள்வது நல்லது. அவர் பெயர் படி ஹாலி.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் பருத்திச் சமவெளியில் உள்ள ஊர் லப்பக். 1936 செப்டம்பர் 7ஆம் நாள் அங்கே பிறந்தவர் ஹாலி. நான்கு குழந்தைகளில் அவரே கடைக்குட்டி. இயற்பெயர் சார்லஸ் ஹார்டின். வீட்டார் இட்ட செல்லப் பெயரே ஊர்ப் பெயராகிவிட்டது. குடும்பப் பெயரிலும் ஓர் எழுத்தை இசைத்தட்டுக் கம்பெனியின் ஒப்பந்தப் பத்திரம் பின்னாளில் விழுங்கிவிட்டது. அவரும் அதைத் திருத்தவில்லை.

1955இல் எல்விஸ் பிரெஸ்லி லப்பக்கில் பாடினார். கேட்ட ஹாலிக்கு நாட்டுப்புறப் பாட்டின்மேல் இருந்த ஆசை ராக் அண்ட் ரோல் பக்கம் திரும்பியது. அவ்வாண்டே, தரை ஓடு பதிக்கும் தொழில் செய்துவந்த அண்ணன் லாரியிடம் கடன் பெற்று, ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் மின்சாரக் கித்தாரை வாங்கினார். அது சந்தைக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கம்பிகளின் அதிர்வை மின்னோட்டமாக்கும் காந்தச் சுருள்கள் அதில் மூன்று. எந்தச் சுருளைத் தேர்கிறோமோ அதற்கேற்ப ஒலி கூர்மையாகவும் வரும், குழைவாகவும் வரும். கடன் வாங்கிய தம்பியைவிடக் கொடுத்த அண்ணனின் துணிவையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

1956இல் டெக்கா கம்பெனி அழைத்தது. நாஷ்வில் நகரில், பேர் பெற்ற ஒலிப்பதிவுக் கூடம், தேர்ந்த வல்லுநர்கள், உயர்ந்த சாதனங்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முதல் நாள் ஹாலியைக் கித்தார் வாசிக்கவே விடவில்லை! கூடத்து வித்வான்கள் வாசித்தார்கள், அவர் பாடினார். மூன்று மணி நேரம் முடிந்தால் விளக்கணைப்பு. அவ்வாண்டு ஜூலையில் ‘தட்’ல் பீ த டே’ என்ற பாட்டை அங்கே பதிவு செய்தார். இன்று கேட்டாலும் அதில் குரல் திணறுவது தெரியும். கம்பெனி அதை வெளியிடவில்லை, ஒப்பந்தத்தையும் நீட்டிக்கவில்லை.

லப்பக்கிலிருந்து சுமார் 100 மைல் தொலைவில், நியூ மெக்சிகோவைச் சேர்ந்த குளோவிஸ் என்னும் சிற்றூரில் நார்மன் பெட்டி என்பவர் சொந்தமாக ஒரு கூடம் வைத்திருந்தார். நல்ல மைக்குகள், ஆம்பெக்ஸ் ஒலிநாடாப் பொறி, எதிரொலிக்கென்று தனி அறை எல்லாம் இருந்தன. இவற்றைவிட மேலான வசதி ஒன்று: அவர் மணிக்கணக்கில் வாடகை வாங்குவதில்லை, பாட்டுக்கு இவ்வளவு என்றுதான் வாங்குவார். எத்தனை முறை தவறினாலும் திரும்ப வாசிக்கலாம். 1957 பிப்ரவரியில் ஹாலியும் நண்பர்களும் அதே பாட்டை அங்கே பாடினார்கள். பழைய ஒப்பந்தம் அப்பாட்டை மீண்டும் பதிவு செய்யக் கூடாதென்று தடுத்ததால், ‘கிரிக்கெட்ஸ்’ என்ற குழுப் பெயரில் அது வெளிவந்தது. வெளியிட்டது பிரன்ஸ்விக் நிறுவனம். அது டெக்காவின் கிளையே என்பதுதான் வேடிக்கை! செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடம். நவம்பரில் இங்கிலாந்திலும் முதலிடம்.

குளோவிஸில் அவர்கள் செய்த சோதனைகள் சுவையானவை. ‘எவ்ரிடே’ பாட்டில் ஜெர்ரி அலிசன் டிரம்மைத் தொடவே இல்லை. தம் தொடையைத் தட்டினார். ‘நாட் ஃபேட் அவே’ பாட்டில் தட்டியது வெறும் அட்டைப் பெட்டி. ‘பெக்கி ஸூ’ பதிவின்போதோ டிரம் ஓசை கூடத்தை அதிரவைத்தது. டிரம்மை முன்னறைக்கு அனுப்பிவிட்டு, அதன் ஒலியை எதிரொலி அறைக்குள் விடுவதும் நிறுத்துவதுமாக பெட்டி விளையாடினார். அது அலைபோல் எழுந்து விழுவது இதனால்தான். தனிக் கித்தார் வரும் இடத்தில் சுருளை மாற்றும் விசையைத் தள்ள ஹாலிக்குக் கை ஒழியவில்லை. குழுவின் மற்றொரு கித்தார்காரரான நிக்கி சல்லிவன் பக்கத்தில் மண்டியிட்டு அமர்ந்து, சரியான நொடியில் அதைத் தள்ளினார். அந்தப் பாட்டில் அவர் செய்த வாசிப்பு அவ்வளவுதான்!

1958 மார்ச்சில் ஹாலி இங்கிலாந்து சென்றார். அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதிக்குத் தடை இருந்த காலம். அங்குள்ள இளைஞர் பலர் ஸ்ட்ராட்டோகாஸ்டரை முதன்முதலில் கண்டது அவர் தோளில்தான். அந்தக் கோடையில் லிவர்பூலில் சில பையன்கள் காசு சேர்த்து, ஒரே ஒரு மைக் வைத்த சிறு கூடத்தில் ‘தட்’ல் பீ த டே’ பாட்டைத் தட்டாகப் பதிந்துகொண்டார்கள். லென்னான், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூவரும் அவர்களில் இருந்தார்கள்.

அவ்வாண்டு மரியா எலெனாவை மணந்து, பெட்டியை விட்டுப் பிரிந்து, நியூயார்க்கில் குடியேறினார் ஹாலி. பணமுடை வந்தது. 1959 ஜனவரியில் கடுங்குளிரில் ஊர் ஊராகப் பாடக் கிளம்பினார். பஸ்ஸில் சூடேற்றும் சாதனம் ஓயாமல் பழுதாயிற்று. டிரம் வாசித்தவர் பனியில் கால் மரத்து மருத்துவமனையில் கிடந்தார். பொறுக்க முடியாமல் ஹாலி ஒரு சிறு விமானத்தை அமர்த்தினார். பிப்ரவரி 3ஆம் நாள் விடியுமுன் அயோவா மாநிலத்து வயலொன்றில் அது விழுந்தது. உடன் சென்ற ரிச்சி வாலன்ஸ், ஜே. பி. ரிச்சர்ட்ஸன் என்ற பாடகர்களும் விமானியும் மாண்டார்கள்.

நியூயார்க் வீட்டில் ஆம்பெக்ஸ் பொறியொன்று இருந்தது. புறப்படுமுன் ஹாலி தனியே கித்தார் மீட்டிப் பாடிய ஆறு புதுப் பாட்டுகள் அதன் நாடாவில் கிடைத்தன. பிறர் வாசித்த கருவிகளை மேலே சேர்த்து, கம்பெனியார் அவற்றைத் தட்டுகளாக்கி விற்றார்கள். சேர்க்காத நாடாவும் பின்னாளில் வெளியாயிற்று. நண்பர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.