வால்டர் ஸ்காட்டின் பழம் பிரெஞ்சு

எடின்பரோ நகரில் 1771 ஆகஸ்ட் 15ஆம் நாள் பிறந்த வால்டர் ஸ்காட், ஒன்றரை வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தால் வலக்கால் ஊனமுற்றவர். போர்க்கதை கேட்டு வளர்ந்த அப்பிள்ளை படைவீரனாகும் வாய்ப்பை அந்நோய் அன்றே பறித்துவிட்டது.

தந்தையிடம் சட்டம் பயின்ற காலத்தில் குடலில் குருதிப்பெருக்கு ஏற்பட்டுப் படுக்கையில் வீழ்ந்தார். பேசவும் கூடாதென மருத்துவர் விலக்கிவிட, வாசிப்பு ஒன்றே எஞ்சியது. வெர்த்தோ என்னும் பிரெஞ்சு ஆசிரியரின் மால்டா வீரர் வரலாற்றைப் படித்தவர், சிப்பிகளையும் விதைகளையும் கூழாங்கற்களையும் படைகளாக நிறுத்தி, அந்நூலின் முற்றுகைகளைப் படுக்கையிலேயே நடத்திப் பார்த்தார். கோட்டை மாதிரி ஒன்றும் செய்வித்தார். விளையாட்டுத்தான், ஆயினும் வாழ்நாள் முழுவதும் அவர் செய்தது இதுவே எனலாம்.

இவ்வேட்கையே அவரைப் பிரெஞ்சில் ஆழ்த்தியது. உரையாடுவதற்காக அவர் அம்மொழியை நாடவில்லை. வீரக்கதைகள் அதில் இருந்தன, ஆதலின் நாடினார். திரெஸ்ஸானின் கதைகளும், நீல நூல் வரிசை எனப்பட்ட மலிவுப் பதிப்புகளும் இளமையிலேயே பழகிவிட்டன. இத்தகைய கதைகள் இத்தாலிய மொழியிலும் உண்டென்று அறிந்ததும் அதையும் கற்றார். 14ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் ஃப்ரவாஸார் அவருக்கு நெடுந்துணையானார்.

1797இல் பிரெஞ்சுப் படையெடுப்பு பற்றிய அச்சம் எழுந்தபோது, ஸ்காட் தன்னார்வக் குதிரைப்படையில் சேர்ந்தார். சேணத்தில் அமர்ந்தவருக்குக் கால் ஊனம் தடையன்று. போர்ட்டொபெல்லோ கடற்கரையில், கம்பில் செருகிய டர்னிப் கிழங்கைப் பிரெஞ்சுக்காரன் தலையாகக் கருதி வெட்டிப் பழகினார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் மணந்த ஷார்லட், லியோன் நகரில் பிறந்த பிரெஞ்சுப் பெண் என்பது சுவையான முரண்.

1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னரின் எடின்பரோ வருகையை வகுத்தமைத்தவர் ஸ்காட்டே. சமவெளி மக்களும் மலைநாட்டாரின் கட்டம் போட்ட உடையில் திரண்டனர். அவர்களுடைய முன்னோர் அணியாத உடை அது! துணியால் கட்டிய பழமை என்றே அதைச் சொல்லவேண்டும். அவர் மறைந்த பின், 1839இல், 'ஐவன்ஹோ' நாவலின் தாக்கத்தால் எக்லின்டனில் பிரபுக்கள் கவசம் பூண்டு நடத்திய போட்டி விழா பெருமழையில் சேறானது.

1823இல் வெளிவந்த 'குவென்டின் டர்வர்ட்' வேறுவகை. கொமீன் எழுதிய 15ஆம் நூற்றாண்டு நினைவுக் குறிப்புகளில் தோய்ந்து எழுதியது அது. பதினொன்றாம் லூயியின் வஞ்சமும் பக்தியும் அதில் உயிர்பெற்றன. பிரெஞ்சு வாசகரே அதைக் கொண்டாடினர். இங்கே பழமையைக் கட்டியது மொழி.

1826இல் அச்சகம் நொடித்து, ஒரு லட்சம் பவுனுக்கு மேற்பட்ட கடன் அவர் தலையில் விழுந்தது. எழுதியே அடைப்பதென உறுதி பூண்டார். நெப்போலியன் வரலாற்றுக்குச் செய்தி திரட்ட அவ்வாண்டே பாரிசு சென்றார்.

அவருடைய பேச்சுப் பிரெஞ்சின் நிலை என்ன? அரசிழந்த பத்தாம் சார்லஸின் பரிவாரத்தவர் ஒருவர் அதைக் கேட்டுத் திகைத்தாராம். 13ஆம் நூற்றாண்டின் ழ்வான்வில் பேசியிருக்கக்கூடிய பிரெஞ்சு. அதுவும் சிதைந்து வந்தது! சங்கச் சொற்களைக்கொண்டு கடைத்தெருவில் பேரம் பேசுவாரை ஒத்தது அவர் நிலை.

1832 செப்டம்பர் 21ஆம் நாள் அபட்ஸ்ஃபோர்ட் மாளிகையில் ஸ்காட் மறைந்தார். அவர் திரட்டிய ஏறத்தாழ 9,000 நூல்கள் இன்றும் அங்கே உள்ளன.