திருவல்லிக்கேணி ஹெட்மாஸ்டர் பெயரில் டர்பனில் ஒரு கல்லூரி... யார் இந்த சாஸ்திரி?

திருவல்லிக்கேணி பெரிய தெருவில் போனால், இந்து மேல்நிலைப் பள்ளியின் சிவப்புக் கட்டடம் கண்ணில் படாமல் போகாது. நூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கே ஹெட்மாஸ்டராக இருந்தவரின் பெயரை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு கல்வி நிறுவனம் தாங்கி நிற்கிறது. அவர்தான் வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி.

யார் இவர்?

கும்பகோணம் அருகே வலங்கைமானில் 1869 செப்டம்பர் 22-ல் பிறந்தவர். காந்தியைவிட சரியாக 10 நாள் மூத்தவர். திருவல்லிக்கேணியில் பாடம் நடத்தியதோடு நிற்கவில்லை. சென்னை ஆசிரியர்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார். 1904-ல் தொடங்கிய திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கத்திலும், அதாங்க நம்ம டியுசிஎஸ், அவருக்குப் பங்கு உண்டு. 1907-ல் வேலையை விட்டுவிட்டு கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1919-ல் ரௌலட் மசோதாவை சட்டசபையிலேயே எதிர்த்துப் பேசினார்.

தென்னாப்பிரிக்காவுக்கு ஏன் போனார்?

நேட்டாலில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன இந்தியர்களில் தமிழர்கள் ஏராளம். 1896-லேயே அங்கே இந்தியர்களின் நாடாளுமன்ற ஓட்டுரிமைக்குப் பூட்டுப் போட்டாச்சு. 1924-ல் நகராட்சி ஓட்டும் போனது. 1927-ல் கேப்டவுன் உடன்பாடு வந்தபோது, இந்தியாவின் முதல் ஏஜென்ட்டாக சாஸ்திரி போனார். போகச் சொல்லி வற்புறுத்தியவர் காந்தி.

அங்கே என்ன செய்தார்?

வாத்தியார் புத்தி எங்கே போகும்? முதலில் பள்ளிகளைப் பார்த்தார். பிள்ளைகள் மேலே படிக்க வழியில்லை, பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் போதவில்லை. நேட்டால் இந்தியர் கல்வி பற்றிய 1928 விசாரணைக்கு உதவ இந்தியாவிலிருந்து இரண்டு நிபுணர்கள் போனார்கள். ஒருவர் ஐக்கிய மாகாணக் கல்வித்துறை அதிகாரி கிச்லு. இன்னொருவர் நம்ம சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் மிஸ் கார்டன். உள்ளூர் இந்தியர்களிடம் சாஸ்திரி நன்கொடை திரட்டினார். 1929-ல் சாஸ்திரி கல்லூரி திறந்தது. உயர்நிலைப் படிப்பு, ஆசிரியர் பயிற்சி இரண்டும் அங்கே. பாடம் நடத்த இந்தியாவிலிருந்தும் பட்டதாரி ஆசிரியர்கள் போனார்கள்.

இதில் சிக்கல் என்ன?

படிப்பு வந்தால் உரிமை பின்னாலேயே வரும் என்பது சாஸ்திரியின் நம்பிக்கை. ஆனால் ஓட்டு வரவில்லை. அந்தக் கல்லூரியும் இந்தியர்களுக்கு மட்டும்தான். ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு இடமில்லை. இனப் பிரிவினையை உடைக்காமல், அதற்குள்ளேயே கட்டிய பள்ளி அது. அரசைக் கெஞ்சியே காரியம் சாதிக்கப் பார்க்கிறார் என்ற விமர்சனம் அவர்மீது அப்போதே உண்டு. 1948-க்குப் பிறகு நிறவெறி சட்டமாகவே ஆனது. எல்லோருக்கும் ஓட்டு கிடைத்தது 1994-ல்தான்.

அப்படியானால் அவர் உழைப்பு வீணா? இல்லை. எழுதப் படிக்கவே போராடிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் அடுத்த தலைமுறை, ஆசிரியராகத் தலைநிமிர அந்தக் கல்லூரி வழி திறந்தது. பள்ளியால் மட்டும் ஓட்டுரிமையை வாங்கித் தர முடியாது. ஆனால் கேட்கத் தெரிந்தவர்களை உருவாக்க முடியும்.

சாஸ்திரி 1946 ஏப்ரலில் காலமானார். இந்தியச் சுதந்திரத்தையும் அவர் பார்க்கவில்லை.

அடுத்த முறை பெரிய தெரு பக்கம் போனால், அந்தச் சிவப்புக் கட்டடத்தை ஒரு நிமிஷம் நின்று பாருங்க.