டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர்

சென்ற பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். ஆய்வுக்கூடத்தில் நாள் முழுதும் எதைத்தான் பார்க்கிறாய் என்று அம்மா கேட்டாள். உயிரணு என்றேன். அது என்னவென்றாள். ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவனுக்கு, பெற்றவளிடம் சொல்ல நான்கு சொல் கிடைக்கவில்லை. வெட்கத்தோடு ரயிலேறி வடக்கே வந்தேன். அந்நாட்களில்தான் ஆண்டனி வான் லீவன்ஹூக்கின் வாழ்க்கையைப் படித்தேன்.

நண்பர்களே, அவர் 1632-இல் ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில், கூடை முடையும் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பதினாறு வயதில் ஆம்ஸ்டர்டாம் துணிக்கடை ஒன்றில் தொழில் பழகி, பின்னர் சொந்த ஊரில் கடை வைத்தார். பல்கலைக்கழக வாயிலை மிதித்தவரல்லர். அக்கால அறிஞர்களின் மொழியான இலத்தீனையும் அறியார். வீட்டில் பேசிய டச்சு ஒன்றே அவருடைய மொழி.

ஆனால் கையில் வித்தை இருந்தது. கடுகளவான கண்ணாடி வில்லையைச் செய்து, இரு உலோகத் தகடுகளுக்கு நடுவே பொருத்தி, ஊசிமுனையில் பொருளை நிறுத்திக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். அவர் செய்தவற்றுள் இன்றும் எஞ்சியுள்ள ஒன்று ஏறத்தாழ 270 மடங்கு பெருக்கிக் காட்டுகிறது.

1674-இல் ஏரி நீரில் நெளிந்தோடும் சிற்றுயிர்களைக் கண்டார். 1676-இல், மிளகு ஏன் உறைக்கிறது என்றறிய அதை நீரில் ஊறப்போட்டார். சில வாரங்கள் கழித்து அந்நீரில் அவர் கண்டவையே பாக்டீரியாக்கள். கண்டதைக் கண்டபடி டச்சு மொழியில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அவர்கள் எளிதில் நம்பவில்லை. அவர் மதகுருமார் உள்ளிட்ட எண்மரின் சாட்சியத்தை அனுப்பினார். தக்கையின் நுண்ணறைகளைக் கண்டு 1665-இல் உயிரணுவுக்கு ஆங்கிலப் பெயர் சூட்டிய ராபர்ட் ஹூக், 1677-இல் தாமே சோதித்துப் பார்த்து உண்மையென உறுதி செய்தார். 1680-இல் துணி வணிகர் அச்சங்கத்தின் உறுப்பினரானார்!

1683-இல் தம் பல்லிடுக்கு அழுக்கிலும் பாக்டீரியாக்களைக் கண்டு எழுதினார். மரத்தை மெல்லியதாகச் சீவி அதன் குழாய்களை வரைந்தார். சால்மன் மீனின் குருதி அணுக்களுக்கு நடுவே ஒரு புள்ளியைக் கண்டார். அதையே இன்று நாம் உட்கரு என்கிறோம்.

அவரிடம் ஒரு குறையும் உண்டு. தம் சிறந்த பார்வை முறையை யாருக்கும் சொல்லவில்லை. 1723-இல் தொண்ணூறாம் வயதில் அவர் மறைந்தபோது அந்த இரகசியமும் உடன் மறைந்தது. ராயல் சொசைட்டிக்கு விட்டுச்சென்ற 26 கருவிகளும் பின்னர்த் தொலைந்துபோயின. அச்சங்கத்துக்கு எழுதிய ஏறத்தாழ 190 கடிதங்கள் நின்றன. ஒளித்தது அழிந்தது, சொன்னது வாழ்ந்தது.

படித்து முடித்த இரவு நானும் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். உயிரணு ஒரு வீடு. செடியின் உயிரணுவுக்கு உறுதியான வெளிச்சுவர் உண்டு. வெயிலைக் கொண்டு உணவாக்கும் பச்சையமுள்ள அடுக்களையும் உண்டு. நம் உடலின் உயிரணுவுக்குச் சுவர் இல்லை, மெல்லிய சவ்வுதான். இரண்டிலும் பரம்பரைப் பத்திரம் உட்கரு என்னும் பெட்டகத்தில் இருக்கிறது. நம் சிவப்பணு மட்டும், உயிர்வளி சுமக்கும் பொருளுக்கு இடம் வேண்டி, முதிரும்போது அப்பெட்டகத்தையே வெளியேற்றிவிடுகிறது. பாக்டீரியாவோ ஓரறைக் குடிசை. சுவர் உண்டு, பெட்டகம் இல்லை. பத்திரம் அறையிலேயே கிடக்கிறது. நீ உறை ஊற்றினால் பாலைத் தயிராக்குவது அக்குடிசைவாசிதான் என்று முடித்தேன்.

கடிதம் கண்டதும் அம்மா தொலைபேசியில் அழைத்தாள். மார்கழிக் குளிரில் தயிர் ஏன் சீக்கிரம் உறைவதில்லை என்று கேட்டாள். ஆய்வுக்கூடத்தில் என்னிடம் யாரும் அவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. குளிரில் அவற்றின் வேலை மந்தமாகும் என்றேன், தமிழிலேயே.