மேற்கே போன தண்ணீரை கிழக்கே திருப்பியவர் பென்னிகுயிக்

கம்பம்:
மேற்கே ஓடிய பெரியாற்று தண்ணீர் அரபிக்கடலில் கலந்தது. மலைக்கு இந்தப்பக்கம் மதுரை சீமை மழை இல்லாமல் பஞ்சத்தில் தவித்தது. மலையைக் குடைஞ்சு அந்த தண்ணீரை இங்கே கொண்டுவந்தவர்தான் கர்னல் ஜான் பென்னிகுயிக்.

1841-ல் புனேயில் பிறந்தவர். ஆங்கிலேய ராணுவ என்ஜினீயர். 1887-ல் அடர்ந்த காட்டுக்குள் அணை வேலை தொடங்கியது. கட்டினதை வெள்ளம் அடிச்சிட்டுப் போனது. காய்ச்சலிலும் காலராவிலும் தொழிலாளர்கள் ஏராளமானோர் செத்தனர். ஆனாலும் அவர் விடவில்லை. 1895-ல் முல்லைப்பெரியாறு அணை திறக்கப்பட்டது. 1911-ல் இங்கிலாந்தில் காலமானார்.

152 அடி தேக்க கட்டிய அணையில், பாதுகாப்பு பிரச்சினை கிளம்பியதால் 1979-ல் நீர்மட்டம் 136 அடியாக குறைக்கப்பட்டது. சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக்குப்பின் 2014 நவம்பரில் மீண்டும் 142 அடியை தொட்டது.

அணையில் தண்ணீர் ஏறினால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் நாற்று நடவு. அதனால்தான் ஜனவரி 15-ல் அவர் பிறந்தநாளுக்கு விவசாயிகள் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கும் அவர் பெயரையே சூட்டுகிறார்கள்.