யார் இந்த பியோ பிக்கோ? லட்சம் ஏக்கரை இழந்த ஆளுநரின் கதை

அமெரிக்க மரைன் படையின் கேம்ப் பெண்டில்டன் முகாம் இருக்கும் இடம், ஒரு காலத்தில் மாட்டுப் பண்ணை. சுமார் 1.33 லட்சம் ஏக்கர்! ஓனர்கள், பியோ பிக்கோவும் தம்பி ஆந்த்ரேசும்.

பிக்கோ 1801-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். மெக்சிகோ ஆட்சியில் அங்கே நிலம் கிடைக்க ஆளுநருக்கு ஒரு மனு, கூடவே கையால் வரைந்த வரைபடம் கொடுக்கணும். எல்லை எது? ஓடை, குன்று, ஓக் மரம். அவ்ளோதான். 1841-ல் சாந்தா மார்கரீட்டா பண்ணை பிக்கோ சகோதரர்களுக்கு இப்படித்தான் வந்தது. 1845-ல் ஆளுநரான பிக்கோ, மற்றவர்களுக்கும் நிலம் எழுதிக்கொடுத்தார்.

அடுத்த வருஷமே போர். மெக்சிகோவுக்குத் தப்பிப்போன பிக்கோ 1848-ல் திரும்பியபோது, ஊர் அமெரிக்கா வசம். பழைய சொத்துகளை மதிப்போம் என்றது குவாடலூப் இடால்கோ ஒப்பந்தம். ஆனால் 1851-ல் வந்த சட்டமோ, நிலம் உங்களுடையதுதான் என்று நீங்களே நிரூபியுங்கள் என்றது. ஓக் மரத்தை எல்லையாகக் காட்டிய வரைபடத்தை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் கேஸ் நடத்தினார்கள் பண்ணைக்காரர்கள். வக்கீல் ஃபீஸ், வட்டி என்று பலருடைய நிலம் கரைந்தது. பிக்கோவுக்கு சூதாட்டப் பழக்கம் வேற. 1864-ல் கடனுக்காக சாந்தா மார்கரீட்டா மச்சான் ஜான் ஃபார்ஸ்டர் கைக்குப் போனது.

மிச்சமிருந்தது 'எல் ராஞ்சிட்டோ' பண்ணை. 1883-ல் கடன் பத்திரம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார். அது கிரயப் பத்திரம் என்றது எதிர்த்தரப்பு. முக்கிய சாட்சி லஞ்சம் வாங்கிப் பொய் சொன்னதாகப் பிறகு புகார் கிளம்பியது. அதற்காக முடிந்த தீர்ப்பை மாற்ற முடியாது என்று 1891-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. வீட்டையும் காலி செய்த பிக்கோ, 1894-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஏழையாக இறந்தார்.