ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வாங்கியவர்

வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. பள்ளி விடுமுறையில் கடையில் வேலைக்குச் சேர்ந்தாலும், எந்த நாள் ஓய்வு என்றுதான் முதலில் கேட்கிறோம். நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டமும் வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வு தருகிறது. 1880களின் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளிக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. பொழுது விடிந்தால் ஆலை ஓடும், சாய்ந்தால்தான் நிற்கும்.

அந்த ஒரு நாளுக்காகப் போராடியவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. 1848இல், பம்பாய்க்கு அருகிலுள்ள தாணேயில் பிறந்தவர். ஆலை ஒன்றில் சரக்கு அறையைக் கவனிக்கும் வேலையில் இருந்ததால், உள்ளே நடப்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலேயின் இயக்கத்தில் சேர்ந்த அவர், 1880 முதல் 'தீனபந்து' என்ற மராத்தி இதழை நடத்தினார்.

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஒரு நாளில் ஒன்பது மணி நேர வேலை என்று அது வரம்பு கட்டியது. பெரியவர்களைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

1884இல் லோகாண்டே தொழிலாளர்களைத் திரட்டினார். சுமார் 5,500 பேர் கையொப்பமிட்ட மனு தயாரானது. வாரம் ஒரு நாள் ஓய்வு, நண்பகலில் அரை மணி நேர இடைவேளை, காலை ஆறரை முதல் சூரியன் மறையும் வரை மட்டுமே வேலை, குறித்த காலத்தில் சம்பளம், வேலையில் காயம்பட்டால் உதவி. இவ்வளவுதான் கேட்டார்கள். மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்றுகூட அவர்கள் கேட்கவில்லை என்பதுதான் என்னை உலுக்குகிறது.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. 1890 ஏப்ரல் 24 அன்று நடந்த கூட்டத்தில் சுமார் 10,000 தொழிலாளர்கள் திரண்டனர். இரண்டு பெண்களும் மேடையேறிப் பேசினார்கள். அந்தக் காலத்துக்கு அது சாதாரண விஷயமல்ல. ஜூன் 10ஆம் தேதி ஆலை முதலாளிகள் சங்கம் ஞாயிறு விடுமுறைக்குச் சம்மதித்தது. ஞாயிறு வெள்ளைக்காரர் கொடுத்த நாள் என்று சிலர் நினைக்கலாம். மராட்டியர் பலர் வணங்கும் கண்டோபா சாமிக்கும் அதுவே உகந்த நாள்.

1891இல் சட்டம் திருத்தப்பட்டு வார விடுமுறை உறுதியானது. பெண்களுக்குப் பதினொரு மணி நேர வரம்பும் வந்தது. இதில் லங்காஷயர் முதலாளிகளின் கையும் உண்டு. இந்திய ஆலைகளின் போட்டி அவர்களுக்கு உறுத்தியது. லோகாண்டேயின் சங்கத்துக்கோ உறுப்பினர் பட்டியலும் இல்லை, நிதியும் இல்லை. அதனால் அதைத் தொழிற்சங்கம் என்றே ஒப்புக்கொள்ளாத ஆய்வாளர்கள் உண்டு. பட்டியல் இல்லாமலே பத்தாயிரம் பேர் வந்தார்கள் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியபோது நோயாளிகளுக்காக மருத்துவமனை அமைத்துப் பாடுபட்டார் லோகாண்டே. 1897இல் அதே நோய் அவரையும் கொண்டுபோனது. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பஞ்சாலைகளில் ஆண்களின் வேலை நேரத்துக்குச் சட்ட வரம்பு வர மேலும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 1911இல் வந்த அந்த வரம்பு, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம்.