கடனும் கொடுத்தார், மானமும் காத்தார்

தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் வாணிபம் செய்துவந்த அகமது முகம்மது காச்சலியா சேட் அவர்களின் வரலாறு நம் போன்ற வியாபாரிகள் அறிய வேண்டியதாகும். அவர்கள் குஜராத்தி முஸ்லிம்.

1907-ல் அங்கே வெள்ளையர் அரசாங்கம் ஒரு சட்டம் செய்தது. ஆசிய ஆண்கள் குற்றவாளிகளைப்போல் பத்து விரல் ரேகையும் பதித்துச் சீட்டு வாங்க வேண்டும் என்றது. குற்றமே செய்யாதவனைத் திருடனாக எண்ணும் சட்டம் அது. பிரிட்டோரியாக் கூட்டத்தில் சேட் அவர்கள் இறைவனை முன்னிறுத்திச் சத்தியம் செய்தார்கள், சட்டத்திற்குப் பணியவில்லை. 1908-ல் பிரிட்டிஷ் இந்தியர் சங்கத்தின் தலைமையையும் ஏற்றார்கள், சிறையும் சென்றார்கள்.

அவர்களுக்குச் சரக்குக் கடன் கொடுத்தவர்களோ வெள்ளை வியாபாரிகள். போராட்டத்தை விட்டால் தவணை, இல்லையேல் உடனே பாக்கி முழுதும் என்று நெருக்கினார்கள். சேட் அவர்கள் இசையவில்லை. கடையையும் சரக்கையும் கணக்கோடு ஒப்படைத்துவிட்டார்கள். கடன்காரர்களுக்குப் பவுனுக்கு 20 ஷில்லிங் வீதம் முழுப்பணமும் போய்ச் சேர்ந்தது. கடைதான் போயிற்று.

நம்மை இழிவு செய்தவனுக்கு நாம் ஏன் நாணயம் காட்ட வேண்டும் என்று எண்ணுவது மனித சுபாவம். சரக்கில் ஒரு பகுதியை ஒளித்திருந்தால் யார் குறை சொல்வார்? அநியாயச் சட்டத்தை மீறிய அதே கை, கொடுக்கவேண்டிய கடனில் ஒரு காசும் பிடித்துக்கொள்ளவில்லை. சட்டம் வேறு, நியாயம் வேறு என்பதை ஒடுக்குமுறை அவர்களுக்கு உணர்த்தியது. ஆனால் எதிரியின் அநியாயத்தைத் தம் அநியாயத்திற்குச் சாக்காக்க அவர்கள் துணியவில்லை.

1918-ல் காலமானார்கள். செபராங் ஜெயாவில் கடை திறந்து கணக்கேட்டைப் புரட்டும்போதெல்லாம் அவர்களை நாம் நினைத்துக்கொள்வோமாக.